ஊசிக்கு அஞ்சும் நாவலாசிரியை

குளிரில் உறைந்த மைக்கூட்டைக் கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் வைத்து உருக்கிக்கொண்டே ஹெஸ்டர் லவுடன் தாள்களை அடுக்குகிறாள். பேனா காதில் செருகியிருக்கிறது. அதை வீடெல்லாம் தேடுவாள்.

ஸ்காட்லாந்துக்காரர்கள் குடியேறிய, காடு வெட்டவே ஆள் போதாத மேல்கனடாவில் ஒருத்தி நாவல் எழுதுகிறாள் என்றதும் முதலில் எல்லாரும் சிரித்தார்கள். “அதை நட்டா உருளைக்கிழங்கு விளையுமா?” இப்போது அடுத்த அத்தியாயம் எப்போது என்று நச்சரிப்பதும் அவர்கள்தான்.

பெண்கள் கூடிப் போர்வை தைக்கும் நாளில் அவள் வாசித்துக் காட்டுவாள். கண் தாளில் பாதி, ஊசிகளில் பாதி. ஊசிகள் நின்றால் பக்கம் பிழைத்தது. ஓடிக்கொண்டிருந்தால் அடுப்புக்குப் போகும். யாருக்கும் அஞ்சாத ஹெஸ்டர், எல்ஸ்பெத் மெக்ஃபீயின் ஊசிக்கு மட்டும் அஞ்சுவாள். அந்தக் கல்லுளிமங்கி எதற்கும் லேசில் நிறுத்தமாட்டாள்.

போன வியாழக்கிழமை கடைசி அத்தியாயம். மாண்ட்ரியல் பத்திரிகைக்குப் போகும் தபால் சறுக்குவண்டி வாசலில் நின்றது. அதில் அனுப்பாவிட்டால் தொடர்கதை முடிவில்லாமலே நின்றுபோகும். பத்திரிகைக்காரர் கேட்டபடியே கதாநாயகி ஜீன் ஒரு பிரபுவை மணந்து, மரவீட்டைப் பூட்டிவிட்டு ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறினாள். எல்லா ஊசிகளும் நின்றன, ஒன்றைத் தவிர.

“நல்லாத்தான் இருக்கு,” என்றாள் எல்ஸ்பெத், தலை தூக்காமல். “ஆனா சினை மாட்டை அப்படியே விட்டுட்டு எவளாவது கப்பலேறுவாளா? யாருக்குடி காது குத்துறே?”

ஹெஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை. போன அத்தியாயத்தில் ஜீனின் பசுவைச் சினையாக்கி எழுதியவளே ஹெஸ்டர்தான். அப்புறம் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிரபுவையும் கப்பலையும் சேர்த்து அடுப்பில் போட்டாள்.

“அம்மா தாயே, குதிரை விறைச்சிடும்! தர்றியா இல்லையா?” என்று வாசலில் கத்தினான் வண்டிக்கார டூகல்ட்.

“கொட்டகையில கட்டிட்டு வந்து கஞ்சி குடிடா!”

பத்திரிகைக்காரர் கோபித்துக்கொள்வார், கோபிக்கட்டும். இந்த முடிவு அவளுக்கும் ஒரு வாரமாகத் தொண்டையில் முள்ளாகத்தான் இருந்தது. இப்போது அப்படி ஒரு சந்தோஷம்.

“சொல்லுக்கா, என்ன கன்னு போடும்?” என்று எல்ஸ்பெத்தைக் கேட்டாள்.

“கிடேரி. பனி கொட்டும்போது. ஜீன் ஒத்தையாளா நின்னு இழுத்துப் போடணும்.”

தையல் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டியிருந்தது ஒரு கல்யாணப் பெண்ணின் வெள்ளைப் போர்வை. மற்றவர்கள் “ஐயையோ” என்று பதறப் பதற, ஹெஸ்டர் அதன் நடுவிலேயே தாளை விரித்து, பேனாவை மையில் தோய்த்தாள்.