துண்டுக்குள் இடது கை

நான் பயந்த விஷயங்களை எழுதினால் ஒரு நோட்டு போதாது. கேஸ் சிலிண்டர் வெடித்துவிடும். ஏறின பஸ்ஸுக்குப் பிரேக் பிடிக்காது. வாங்கின ஆடு வீடு சேரும் முன்னே செத்துப்போகும். பிரஷர் மாத்திரை கிட்னியைத் தின்றுவிடும். இந்தக் கடைசிப் பயத்துக்கு மட்டும் உடனே நடவடிக்கை எடுத்தேன்: மாத்திரையை நிறுத்தினேன். நாலாவது மாதம் பல் விளக்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தவன் அதன் பக்கத்திலேயே விழுந்தேன். பக்கவாதம் என் பட்டியலிலேயே இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்ததும் சொந்தக்காரர்கள் ரொட்டியும் ஆப்பிளும் கொண்டுவந்தார்கள். என் மனைவியின் அண்ணன் மட்டும் உயிரோடு ஒரு புறாவைக் கொண்டுவந்தார். அதை அறுத்து, சூடு ஆறும் முன்னே ரத்தத்தைத் தேய்த்தால் வாதம் ஓடிவிடுமாம்.

"மூணே புறா மாப்ள. எந்திரிச்சு ஓடுவீக."

"டாக்டரு வேற மாதிரில்ல சொன்னாரு மச்சான்?"

"அவருக்குப் புறாவப் பத்தி என்ன தெரியும்?"

அவர் கத்தியைத் தேடிய நேரத்தில் புறா கைநழுவிப் பக்கத்து வீட்டு மாடிக்குப் பறந்துவிட்டது. எங்கள் வீட்டில் முதலில் பிழைத்தது அதுதான்.

பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தது. தட்டில் மொச்சைக்கொட்டையைக் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து டம்ளரில் போடச் சொன்னது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைவிட்டு ஓடியவனுக்கு அரைக்கிழவனானபின் வீட்டுப்பாடம். ஆறு மாதத்தில் கால் ஓரளவு வந்துவிட்டது. வலது கை மட்டும் பாதிதான் வந்தது. எதையாவது பிடித்தால் விடாது.

ஆட்டு வியாபாரிக்கு அந்தக் கைதான் வாய். அய்யலூர் சந்தையில் நாங்கள் விலையைச் சத்தமாகச் சொல்வதில்லை. கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு, உள்ளே விற்பவரின் விரல்களைப் பிடிப்போம். எத்தனை விரலோ, அந்த அளவுக்கு விலை. அவர் சரி என்றால் முடிந்தது. அப்புறம் மாற்றிப் பேசினவனுக்கு யாரும் துண்டு விரிக்க மாட்டார்கள். இடது கையை நீட்டினாலோ, காறித் துப்பாத குறைதான்.

நான் சந்தைக்குக் கிளம்புகிறேன் என்றதும் மனைவி தீர்ப்புச் சொன்னாள்.

"போயிட்டு வாங்க. ஏமாந்து வந்தீங்கன்னா அம்புட்டுத்தான். யாவாரத்த எங்கண்ணன் பாத்துக்கிடட்டும்."

புறாவைப் பிடித்து வைக்கத் தெரியாத மனிதரிடம் என் ஆடுகள்! அந்தப் பயத்திலேயே போனேன்.

பழகின வியாபாரி ஒருவர் ஓடிவந்து கட்டிக்கொண்டார். "வாங்கண்ணே! ஒங்கள நெனச்சு அழுகாத நாளில்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டே துண்டை விரித்தார். நான் நினைத்தது மூன்று விரல். என் கை ஐந்தையும் சேர்த்துக் கவ்வியது. ஆறு மாதமாக ஒரு மொச்சைக்கொட்டையை ஒழுங்காகப் பிடிக்காத கை.

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "சரிண்ணே, ஓட்டிக்கிட்டுப் போங்க!" கை இன்னும் விடவில்லை. "அதான் சரின்னுட்டேன்ல, விடுங்கண்ணே." இடது கையால் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன்.

கை சரியில்லை, தப்பாகப் பிடித்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் உச்சுக் கொட்டி விட்டுக்கொடுத்திருப்பார்கள். அடுத்த வாரம் என்னை நிழலில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, மச்சானிடம் துண்டை நீட்டியிருப்பார்கள். "நல்ல ஆடு" என்று சொல்லி முழுக் காசையும் கொடுத்தேன். என்னை நினைத்து அழுதவர் கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

மனைவி ஆட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏமாந்துட்டீங்க."

"இன்னும் ஒரே ஒரு வாரம்."

மறு வாரம் அதே ஆள், அதே துண்டு. நான் இடது கையை நீட்டினேன்.

"என்னண்ணே, விடிஞ்சும் விடியாம பீச்சாங்கைய நீட்டுறீங்க? யாவாரம் வெளங்குமா?"

"அப்ப வாயாலயே பேசுவமா? போன வாரம் நான் குடுத்த வெலையில இருந்து ஆரம்பிக்கிறேன். எல்லாரும் கேக்கட்டும்."

சுற்றி நின்றவர்கள் காதைத் தீட்டினார்கள். சீக்காளியிடம் அடித்த கொள்ளை சந்தை முழுக்கத் தெரிந்தால் அவருக்கும் நல்லதல்ல.

"ஏண்ணே சத்தம் போடுறீங்க?" என்று அவரே அவசரமாக என் இடது கையைத் துண்டால் மூடினார். இரண்டு விரலைப் பிடித்தேன். முடியாது என்று தலையை ஆட்டினார். மூன்றைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன். இந்தக் கைக்கு விடவும் தெரியும். ஆனால் அவர் சரி என்று சொல்லும்வரை விடவில்லை.

வீட்டில் மனைவி ஆட்டின் முதுகைத் தடவிப் பார்த்தாள். விலையைக் கேட்டாள். உள்ளே போய் அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"நீ வர வேணாம்ணே, அவரே பாத்துக்கிடுவாரு. ஒன் புறா அடுத்த வீட்டு மாடியிலதான் நிக்கிது. வேணுன்னா வந்து புடிச்சுக்க."

நான் பிரஷர் மாத்திரையை விழுங்கிவிட்டு, கிட்னியை நினைத்துக் கொஞ்ச நேரம் பயந்துகொண்டிருந்தேன்.