அக்கா வீட்டுக் கூடத்தில் மூன்று கப்பல்கள்

என் அக்காவின் வீட்டுக்காரர் திரைச்சீலைக் கடையில் அளவெடுக்கும் வேலை பார்க்கிறார். யாராவது புது வீடு கட்டினால் கடைக்குச் சொல்லி அனுப்புவார்கள். அத்தான் போய் ஜன்னல் ஜன்னலாக அளந்து, ஆர்டர் புத்தகத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டு வருவார். அதைப் பார்த்துத்தான் கடையில் துணி வெட்டுவார்கள். இடுப்பில் எப்போதும் ஒரு இரும்பு டேப் தொங்கும். தெருவில் அவருக்கு 'டேப்பு' என்றுதான் பெயர். அது அவருக்கும் தெரியும். கோபித்துக்கொள்ள மாட்டார்.

நல்ல மனுஷர். ஒருவரையும் கை நீட்டிப் பேசியதில்லை. கடவுள் அவரிடம் வைத்த குறை ஒன்றே ஒன்றுதான். எதையும் அளந்து பார்க்காமல் அவரால் ஒரு முடிவுக்கு வர முடியாது. அக்காவைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் சொல்லவே நாலு மாசம் எடுத்துக்கொண்டார். எங்கள் அப்பா பொறுக்க முடியாமல் நேரிலேயே போய்க் கேட்டார்.

"பொண்ணைப் பிடிக்கலைன்னா சொல்லிடுங்க தம்பி."

"பொண்ணைப் பிடிச்சிருக்கு மாமா. கட்டில் வாங்கணும். வாங்கினா என் ரூம் கதவுல நுழையுமான்னு பாத்துட்டிருக்கேன்."

அக்கா இதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். சில நாள் சிரிக்காமலும் சொல்லுவாள்.

அக்கா ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் சமைக்கிறாள். விடிந்ததும் வீட்டில் அடுப்பு. பிறகு பஸ் பிடித்துப் போய் அங்கே நூற்றிருபது பேருக்கு அடுப்பு. சாயங்காலம் வந்தால் மறுபடி வீட்டு அடுப்பு. ஞாயிற்றுக்கிழமையில் பிரார்த்தனைக்கு என்னோடு வந்து உட்காருவாள், கண்ணை மூடினால் தூங்கிவிடுவாள். நான் எழுப்ப மாட்டேன். அவள் தூங்குவதையும் கடவுள் ஒரு வேண்டுதலாக எடுத்துக்கொள்வார் என்று எனக்கு நம்பிக்கை.

போன வருஷம் அத்தானுக்குக் கடையில் இருபத்தைந்து வருஷம் முடிந்தது. முதலாளியம்மா எல்லார் முன்னாலும் அவரை நிறுத்தி, "இத்தனை வருஷத்துல இவர் எடுத்த அளவு ஒண்ணு கூடத் தப்பினதில்ல" என்று சொல்லி, ஒரு பரிசு அறிவித்தார். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் நாலு நாள் கப்பல் பயணம். மூன்று கப்பல் கம்பெனியின் புத்தகங்களையும் கையில் கொடுத்து, "எது பிடிச்சிருக்கோ அதைச் சொல்லுங்க. சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டுக்குள்ள சொல்லிடணும். அதுக்கு மேல டிக்கெட் போட முடியாது, இந்த வருஷத்துக்கு அவ்வளவுதான்" என்றார்.

அக்கா செய்தியைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாலு நாளுடி! நாலு நாளைக்கு நான் அடுப்பு முகத்துல முழிக்க வேண்டாம்!"

அவள் கடல் என்று சொல்லவில்லை, கப்பல் என்றும் சொல்லவில்லை. அது எனக்கு மட்டும்தான் காதில் விழுந்தது. அத்தான் அதற்குள் புத்தகத்தைப் பிரித்துவிட்டார்.

ஒரு புத்தகம் நீலம், ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. கம்பெனிப் பெயரெல்லாம் வாயில் நுழையாததால் நாங்கள் நீலக் கப்பல், வெள்ளைக் கப்பல், சிவப்புக் கப்பல் என்றே வைத்துக்கொண்டோம். மூன்று புத்தகத்திலும் முதல் பக்கத்தில் ஒரே மாதிரி ஒரு புருஷனும் பெண்டாட்டியும் கடலைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். மூன்றிலும் அந்தப் பெண்ணின் கையில் ஒரு வேலையும் இல்லை.

அத்தான் ஒரு நோட்டு போட்டார். நாற்பத்திரண்டு கேள்வி. கட்டில் நீளம் எவ்வளவு, மெத்தை தடிமன் எவ்வளவு, குளியலறைக் கதவு உள்ளே திறக்குமா வெளியே திறக்குமா, அலமாரியில் எத்தனை கொக்கி. நீலக் கப்பலில் அறை பெரிது, ஜன்னல் கிடையாது. வெள்ளைக் கப்பலில் வட்டமாக ஒரு ஜன்னல் உண்டு, அது திறக்காது. சிவப்புக் கப்பலில் பால்கனி உண்டு, ஆனால் ஒருவர் எழுந்து நின்றால் இன்னொருவர் உட்கார்ந்தாக வேண்டும்.

போய் வந்தவர்கள் போனில் எழுதி வைத்திருந்ததையும் ராத்திரி பகல் பார்க்காமல் படித்தார். ஒரே கப்பலின் ஒரே சூப்பை ஒருவர் அமிர்தம் என்று எழுதியிருந்தார், இன்னொருவர் பாத்திரம் கழுவின தண்ணீர் என்று எழுதியிருந்தார். அத்தானுக்குக் குழப்பம்.

"ரெண்டு பேரும் ஒரே நாள் சாப்பிட்டிருக்காங்கம்மா. ஒருத்தர் பொய் சொல்லணும்."

"ஒருத்தருக்குப் பசிச்சிருக்கும், ஒருத்தருக்குப் பசிச்சிருக்காது" என்றாள் அக்கா.

அந்தப் பதிலை எழுத நோட்டில் கட்டம் இல்லை. அதனால் விட்டுவிட்டார்.

சாப்பாட்டுக்குத்தான் அவருக்கு ஒரு யோசனை வந்தது. நீலக் கப்பலில் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் வேண்டியதை வேண்டிய நேரத்தில் போட்டுக்கொள்ளலாம். வெள்ளைக் கப்பலில் உட்கார்ந்த இடத்துக்கே கொண்டுவந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறுவார்கள். சிவப்பில் பதினோரு சாப்பாட்டுக் கடை. எது நமக்கு ஒத்துவரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டாமா? மூன்று புத்தகத்திலும் இருந்த பட்டியலைப் பார்த்து, அக்காவையே மூன்று நாள் சமைக்கச் சொன்னார்.

திங்கள்கிழமை நீலம். கேண்டீனிலிருந்து வந்த கையோடு அக்கா ஒன்பது வகை செய்து மேஜையில் வரிசையாக வைத்தாள். நானும் என் வீட்டுக்காரரும் தட்டைப் பிடித்து நின்றோம். அத்தான் வரிசையில் எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்று கடிகாரம் பார்த்தார். செவ்வாய்க்கிழமை வெள்ளை. சூப்பு, ரொட்டி, மீன், கோழி, பழம், கேக். ஒவ்வொன்றாக அக்கா உள்ளேயிருந்து கொண்டுவந்து வைத்தாள், எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள்.

"மீனுக்கும் கோழிக்கும் நடுவுல ஏழு நிமிஷம் ஆயிடுச்சே" என்றார் அத்தான்.

"கப்பல்ல சமைக்கிறவனுக்கு ரெண்டு கை ஜாஸ்தி போல" என்றாள் அக்கா.

என் வீட்டுக்காரர் குனிந்து சூப்பைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். நானும் சிரித்தேன். கடவுள் மன்னிக்கட்டும், அன்று நான் எழுந்து ஒரு தட்டைக் கூட எடுக்கவில்லை. விருந்தாளி போல உட்கார்ந்திருந்தேன். அடுத்த நாள் சிவப்புக்குப் பதினோரு கடைச் சாப்பாடு என்றதும் அக்கா, "எட்டு கடை இன்னிக்கு லீவு" என்று சொல்லி மூன்றோடு முடித்தாள்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் இரண்டு பேரும் லீவு போட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலையிலேயே அத்தான் எனக்குப் போன் செய்தார். "வாம்மா, ரூம் பாக்கலாம்."

போய்ப் பார்த்தால் கூடத்தில் சாமான் ஒன்று இல்லை. மேஜை நாற்காலி எல்லாம் வாசலுக்குப் போயிருந்தது. கடையில் துணிமேல் கோடு போடுவார்களே, அந்தச் சாக்குக்கட்டியால் அத்தான் தரையில் மூன்று கப்பல் அறையையும் உண்மை அளவில் வரைந்திருந்தார். நீலத்துக்கு நீலக் கோடு, வெள்ளைக்கு வெள்ளை, சிவப்புக்குச் சிவப்பு. கட்டில் இங்கே, கழிப்பறை இங்கே, அலமாரி இங்கே. சிவப்புக் கப்பலின் பால்கனி வாசற்படியைத் தாண்டித் தெருவில் விழுந்திருந்தது. அத்தான் அங்கே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். தெருவில் போன தையல்காரர், "என்ன சார், வீட்ல வெளியே தள்ளிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"கடல் பாக்குறேன்" என்றார் அத்தான்.

பிறகு உள்ளே வந்து எங்களுக்கு நீலக் கப்பலைச் சுற்றிக் காட்டினார். "நல்லா தாராளமா கொடுத்திருக்கான். பதினாறடி நீளம், இருபதடி அகலம்."

அக்கா வீட்டுக் கூடம் பன்னிரண்டடிதான் அகலம். மீதி எட்டடிக்கு நீலக் கோடு நேராகச் சமையலறைக்குள் போயிருந்தது. நிலைப்படியைத் தாண்டி, அடுப்பு மேடையைச் சுற்றி, பாத்திரம் கழுவும் இடம் வரை போய் வளைந்து திரும்பியது.

அக்கா அந்தக் கோட்டின் மேலேயே மெதுவாக நடந்து போனாள். அடுப்புக்கு முன்னால் போய் நின்றாள். கீழே பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள்.

"ஏங்க, இது கோட்டுக்கு உள்ளயா, வெளியயா?"

"உள்ளதான். ஆனா அது கணக்கில்லம்மா. அங்க அது சோபா."

"மூணு கப்பல்லயுமா?"

அத்தான் எட்டிப் பார்த்தார். வெள்ளைக் கோடும் சிவப்புக் கோடும் அதே வழியாகத்தான் போயிருந்தன. "மூணுலயும்தான்" என்றார்.

அக்கா குனிந்து, கொதித்துக்கொண்டிருந்த தண்ணீருக்குக் கீழே அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். கூடத்துக்கு வந்து, கட்டில் என்று வரைந்திருந்த இடத்தில் ஒரு பாயை விரித்துப் படுத்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"நான் பயணி. ஏதாவது வேணும்னா கப்பல்காரன்கிட்ட கேளுங்க."

அத்தான் முதலில் சிரித்தார். பத்து நிமிஷம் கழித்துச் சிரிக்கவில்லை. மத்தியானம் ஆனதும் என்னைப் பார்த்தார். எனக்கு மனசு இளகியது. ஆனால் நான் எழுந்திருக்கப் போனபோது அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீயும் பயணிதான், உக்காரு" என்றாள். உட்கார்ந்துவிட்டேன். அத்தான் தானே உள்ளே போய் முட்டை பொரித்தார். ஓடு இரண்டு துண்டு உள்ளே இருந்தது. எடுத்து வைத்துவிட்டு, கடவுளுக்கு நன்றி சொல்லிச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் போனபோதும் அக்கா கோட்டுக்குள்தான் இருந்தாள். எழுந்து குளித்துத் தலை வாரி, மறுபடி அங்கேயே வந்து உட்கார்ந்திருந்தாள். அத்தான் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு வாடிப்போயிருந்தார். நாற்பத்திரண்டு கேள்வியில் மூன்று கப்பலும் பதினாலு பதினாலாகச் சமமாக வந்து நின்றன.

"இன்னும் நாலு மணி நேரம் இருக்கு" என்றார். "சோபா நீளம் மட்டும் தெரிஞ்சா முடிச்சிடலாம்."

கம்பெனி திறக்கும் பத்தரை மணி வரை காத்திருந்து, நீலக் கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் ஒரு பெண்பிள்ளை பேசியது. இருபதடி அகலத்தில் சோபா எந்தச் சுவரில் வரும் என்று கேட்டார்.

"சார், எந்தக் கப்பலைச் சொல்றீங்க? எங்க ரூம் அகலம் பத்தடிதான் சார்."

"புத்தகத்துலயே இருக்கேம்மா."

"பத்துன்னுதான் சார் இருக்கு."

அத்தான் புத்தகத்தைப் பிரித்தார். பத்து. நோட்டைப் பிரித்தார். இருபது. வெள்ளை, பத்து. நோட்டில், இருபது. சிவப்பு, ஒன்பது. நோட்டில், பதினெட்டு.

ஜன்னல் மூன்றடி என்றால் துணி ஆறடி வேண்டும். அப்போதுதான் திரையில் மடிப்பு விழும். இருபத்தைந்து வருஷமாக அகலத்தைப் பார்த்த உடனே அவர் கை தானாக அதை இரட்டிப்பாக்கி எழுதிவிடும். கப்பல் அறைக்கும் மடிப்புக்குச் சேர்த்துத் துணி விட்டிருந்தார்.

போனை வைத்துவிட்டு, தரையில் நீலக் கோட்டின் மேல் உட்கார்ந்தார். அவர் முகம் அப்படிப் போய் நான் பார்த்ததில்லை.

"தப்பா அளந்துட்டேன்" என்றார். நோட்டை மூடிவிட்டு, "அடுப்பு உள்ள வராதும்மா. சத்தியமா வராது" என்றார்.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி பதினொன்று.

"உனக்கு என்ன வேணும்னு சொல்லு" என்றார் அத்தான். இத்தனை நாளாக அலமாரிக் கொக்கி வரைக்கும் கேள்வி எழுதியவர், இந்தக் கேள்வியை அப்போதுதான் கேட்டார்.

"படுத்திருக்கிற இடத்துல சமையல் வாசனை வரக்கூடாது. அவ்வளவுதான்."

அத்தான் மூன்று கம்பெனிக்கும் போன் செய்தார். நீலத்தில் இந்த முறை வேறொருவர் எடுத்து, "கொஞ்சம் காத்திருங்க" என்று பாட்டுப் போட்டுவிட்டுப் போனார். பாட்டு முடிந்து மறுபடி ஆரம்பித்தது. சிவப்பில் ஒரு ஆள் உற்சாகமாக, "கவலையே வேண்டாம் சார், எந்த ரூம்ல இருந்தும் ரெண்டே நிமிஷத்துல ஒரு சமையல்கூடம் வந்துடும்!" என்றார்.

"வேண்டாம், அங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வெள்ளைக் கப்பலில் ஒரு நடுவயது அம்மா எடுத்தார். கேள்வியைக் கேட்டுக்கொண்டு அவரே திருப்பிக் கேட்டார். "யாருக்கு சார் கேக்குறீங்க?"

"என் வீட்டம்மாவுக்கு. கேண்டீன்ல சமைக்கிறாங்க."

"இருங்க, படத்தை எடுத்துப் பாக்குறேன்." காகிதம் புரளும் சத்தம் எங்களுக்கே கேட்டது. "சமையல்கட்டு மூணாவது மாடி. ஒன்பதாவது மாடியில கடைசி மூலை ரூம் ஒண்ணு காலியா இருக்கு. அங்க ஒண்ணும் வராது. ஆனா அந்த ஜன்னல் திறக்காது, முன்னாடியே சொல்லிடுறேன்."

அத்தான் போனைக் கையால் மூடிக்கொண்டு, "ஜன்னல் திறக்காதாம்" என்றார்.

"திறந்து என்ன பண்ணப்போறேன், பால் வாங்கவா? சொல்லுங்க சரின்னு" என்றாள் அக்கா.

அத்தான் நோட்டை அங்கேயே போட்டுவிட்டு, ஜோடி மாறின செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடினார். பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்ததாக முதலாளியம்மா பிறகு சொன்னார்.

போய் வந்துவிட்டார்கள், கடவுள் புண்ணியத்தில். இப்போது தெருவில் யாருக்காவது கப்பல் ஆசை வந்தால் அத்தானிடம்தான் வருகிறார்கள். அவர் ஒரு மணி நேரம் சொல்லுவார். அகலம் பத்தடி இரண்டு அங்குலம், புத்தகத்தில் இருப்பதைவிட இரண்டு அங்குலம் கூட. ஆட்டக்காரர்கள் ஆடிய மேடை இத்தனை அடி. நீச்சல் குளத்தில் இறங்கவில்லை, ஆனால் ஆழம் தெரியும்.

போன வாரம் அந்தத் தையல்காரரின் சம்சாரம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அக்கா பக்கம் திரும்பி, "சாப்பாடு எப்படிக்கா?" என்று கேட்டாள்.

அக்கா யோசித்தாள்.

"என்னென்ன போட்டாங்கன்னு நினைவில்ல. முதல் நாள் சாப்பிட்டு முடிச்சதும் தட்டைத் தூக்கிட்டு எழுந்துட்டேன். பரிமாறினவர் பதறிப்போய் வாங்கிட்டாரு. ரெண்டாம் நாளும் எழுந்தேன். மூணாம் நாள் எழுந்திருக்கல."