பச்சையாய் நின்ற சோளம்

குஜிலியம்பாறைப் பக்கம், உழவர்களுக்குப் புது விவசாய முறை சொல்லித்தரும் கிராம சேவக்காக நான் சேர்ந்த வருஷமே, என் பேச்சை நம்பியவர் வீட்டு உழவுக்காளை செத்தது.

அவர் பெயர் மாரப்பன்; மழையை நம்பிய அவருடைய மானாவாரிக் காட்டில், ஊருக்குச் செய்து காட்டும் டெமோ பிளாட் போட்டோம். சோளம், ஊடே தட்டைப்பயறு. வண்டியில் எரு கொண்டுவந்தவரை, ஒரு பாதியில் கொட்ட வேண்டாம் என்று தடுத்தேன். உரத்தின் வேலை ஊருக்குத் தனியாகத் தெரிய வேண்டும் என்பது என் கணக்கு. முதல் மழையோடு அந்தப் பாதியில், ஊரில் உப்பு என்று சொல்லும் அமோனியம் சல்பேட் உரம் முழுவதையும் ஒரே தவணையில் போடச் சொன்னேன். சோளம் கருகருவென்று எழும்பியது. பிறகு மழையே இல்லை. உரம் போட்ட பாதியில் முழங்கால் உயரத்திலேயே பயிர் நின்றுவிட்டது.

"இனி இது தேறாது சார். அறுத்து மாட்டுக்குப் போடலாமா? வாடுன சோளம் ஆகாதும்பாகளே" என்று கேட்டார் மாரப்பன்.

"வாடவே இல்லையே, எம்புட்டுப் பச்சையா இருக்கு! தைரியமா போடுங்க."

போட்டார். நான் சைக்கிளை எடுப்பதற்குள் காளைக்கு மூச்சிரைத்தது. வாயில் நுரை. கால்கள் வெட்டி இழுக்க, என் கண் முன்னே சாய்ந்தது. மாரப்பன் மனைவி வெள்ளையம்மா என்னைத் திட்டக்கூட இல்லை. "இனி ஒத்த மாட்ட வச்சு எப்புடி உழுவோம்?" என்று மட்டும் கேட்டார்.

மாட்டு டாக்டர் வந்து பார்த்தார். "மழையில்லாம நின்ன இளஞ்சோளத்துல விஷம் உண்டு. உப்பு உரத்த அள்ளிப் போட்டா இன்னும் ஏறும். பச்சைய நம்பக் கூடாது" என்றார். எனக்குச் சோளத்தில் விஷம் இருப்பதே அன்றுதான் தெரியும்.

மறுநாள் மேலதிகாரி சொன்னதைக் கேட்டு மறுபடி திகைத்தேன். "ரிப்போர்ட்ல பாம்பு கடிச்சதுன்னு எழுதுய்யா. இல்லாட்டி ஒருத்தனும் உரத்தத் தொடமாட்டான்."

நடந்ததையே எழுதினேன். மாரப்பனிடமும் போய், தப்பு என்னுடையது என்றேன்.

எரு போட்ட பாதி, மழையில்லாத காய்ச்சலைத் தாங்கிக் கொஞ்சம் சோளமும் பயறும் கொடுத்திருந்தது. அடுத்த ஆடியில் மாரப்பனே கூப்பிட்டனுப்பினார். "காடு பூரா எரு போட்டாச்சு. ஒங்க உப்பப் பாதியாக் குறைச்சு, மழை பேஞ்சு ஈரம் நின்னா மட்டும் போடுவோம்" என்றார். அப்படியே செய்தோம். எருவும் உப்பும் சேர்ந்ததில் கதிர் நன்றாக விளைந்தது.

அதன்பின் எந்த ஊர்க் கூட்டத்திலும் மகசூலைச் சொல்லி நான் பேச்சைத் தொடங்கியதில்லை. செத்த காளையைச் சொல்லித்தான் தொடங்கினேன்.