தவிட்டுக்கு வாங்கிய ஜெர்மன்காரி

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி. ஆனால் கொடைக்கானலுக்கு எந்த வெளிநாட்டுக் குடும்பம் வந்து இறங்கினாலும் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் முதலில் என்னிடம்தான் அனுப்பிவைப்பார்கள். பூம்பாறையிலிருந்து பூண்டு மூட்டை சுமந்து வந்தவன் இன்று மூன்று வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறேன் என்றால் சும்மாவா?

போன வருஷம் என் மாடி வீட்டுக்கு ஒரு ஜெர்மன்காரம்மா வந்தார். கூடவே நாலு வயது மகள். சோலைக்காட்டு மரங்களை ஆராய்வது அந்தம்மாவின் வேலை. புருஷன் சில மாதம் கழித்து வருவதாக ஏற்பாடு. தமிழை அந்த ஊர்க் காலேஜிலேயே படித்திருந்தார். அதுவும் கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கிற தமிழ். “ஐயா, என் மகளுக்கு ஒரு பள்ளி கிடைக்கத் தாங்கள் உதவி புரிய இயலுமா?” என்று கேட்டதும் நான் துண்டைச் சரிசெய்துகொண்டேன். என் ஆயுளில் யாரும் என்னிடம் உதவி புரியச் சொன்னதில்லை.

ஒரே நாளில் பள்ளி பிடித்துவிட்டேன். நான் காய்கறி போடுகிற சின்னப் பிள்ளைகள் பள்ளிதான். ஒரு இடம் மட்டும் காலியாக இருந்தது. பிள்ளை அழாமல் இருந்தால் சேர்த்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் அடுத்து நிற்கிற பிள்ளைக்குக் கொடுத்துவிடுவேன் என்று டீச்சரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். பிள்ளையை விட இடமில்லை என்றால் அந்தம்மா காட்டுக்குப் போக முடியாது. வேலை இல்லை என்றால் ஜெர்மனிக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

முதல் மூன்று நாளும் பிள்ளை அம்மாவின் காலை மழைக்காலத்து அட்டை மாதிரி கவ்விக்கொண்டு அழுதது. அந்தம்மா பிய்த்துவிட்டுக் கேட் வரைக்கும் போவார், திரும்பிப் பார்ப்பார், ஓடி வந்து கட்டிக்கொள்வார். மறுபடி முதலிலிருந்து. நான் பலூன் வாங்கினேன், ஏரியில் குதிரை ஏற்றினேன். நான் எடுத்து நடக்காத காரியம் அது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை டீச்சரம்மா சொல்லிவிட்டார்: திங்கட்கிழமை ஒரு நாள், அதோடு சரி.

அப்போதுதான் எனக்கு யோசனை உதித்தது. அழுகிற பிள்ளையை முருகனுக்குக் கொடுத்துவிட்டு, வேறொருவர் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்குவது எங்கள் வழக்கம். வாங்கினவருக்குத்தான் அப்புறம் அது பிள்ளை. கொடுத்தவர் கொடிமரம் வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். திரும்பினால் கொடுத்தது செல்லாது. அந்தம்மா எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு சம்மதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டுத்தீவனக் கடை பூட்டிக் கிடந்தது. கடைசியில் ஏரிப் பக்கம் சுற்றுலாக்காரர்களுக்கான ஆரோக்கிய உணவுக் கடையில் தவிடு கிடைத்தது. கண்ணாடிப் புட்டியில் அடைத்து, கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். இவ்வளவு உயர்ந்த தவிடு முருகனுக்கு அதுவரை யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

மனைவியையும் ஏற்றிக்கொண்டு என் ஜீப்பில் பூம்பாறை முருகன் கோயிலுக்குப் போனோம். பூசாரி பிள்ளையை வாங்கிச் சன்னதி வாசலில் உட்காரவைத்தார். அந்தம்மா நடந்தார். தோள் குலுங்கியது, ஆனால் திரும்பவில்லை. பிள்ளை அம்மாவின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தது. அப்புறம் புட்டியின் ரிப்பனை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டது.

என் மனைவி என் விலாவில் இடித்தாள். “பாத்தீகளா? ஆத்தா திரும்பிப் பாக்காட்டி இது அழுகவே அழுகாது.”

எனக்கு அது முதலிலேயே தெரியும் என்று சொல்லிவைத்தேன்.

தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை அவள் வாங்கிக்கொண்டாள். கொடிமரத்திலிருந்து திரும்பி வந்த அந்தம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்: “ஆகவே, இனி இவள் தங்கள் மகளா?”

“ஆமா தாயி,” என்றாள் மனைவி. “நீ சும்மா வளக்குற ஆளுதேன். நாளைக்கு நாங்க கூட்டிட்டுப் போறோம். நீ வெள்ளனே காட்டுக்குப் போயி ஒஞ் சோலியப் பாரு.”

திங்கட்கிழமை பள்ளியில் நிரப்பச் சொல்லி ஒரு பாரம் கொடுத்தார்கள். என் பெயரை எழுதுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. தகப்பன் என்ற இடத்தில் என் பெயரையும், தாய் என்ற இடத்தில் மனைவி பெயரையும் அழுத்தமாக எழுதிக் கொடுத்தேன். டீச்சரம்மா பாரத்தைப் பார்த்தார், பாஸ்போர்ட் நகலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“என்னங்க இது?”

“தவிடு குடுத்து வாங்கியிருக்கோம் டீச்சர்.”

அவரும் திண்டுக்கல் பக்கம்தான். உதட்டைக் கடித்துக்கொண்டார். “வெளிநாட்டுப் பிள்ளைங்க. போலீஸ்ல கேட்டா முருகன் வந்து சாட்சி சொல்லுவாரா?” என்றபடி வேறு பாரம் நீட்டினார். அதில் எங்கள் பெயர் ‘பிள்ளையைக் கூட்டிப் போக வருபவர்’ என்ற இடத்துக்கு இறங்கியது. பத்து நிமிஷம்தான் தகப்பனாக இருந்தேன். இருந்தாலும் இருந்தேன்.

பிள்ளையை உள்ளே விட்டோம். திரும்பக் கூடாது என்று மனைவி உத்தரவு போட்டாள். மூட்டையோடு மலையேறியவனுக்கு ஜீப் வரைக்கும் முப்பது தப்படி ஒரு தூரமா? இருபதாவது தப்படியில் திரும்பிவிட்டேன். ஜன்னலில் அந்தச் சின்ன முகம். என்னைப் பார்த்ததும் கீழுதடு பிதுங்கியது. போச்சு, ஜெர்மனிக்கு டிக்கெட்தான் என்று நினைத்தேன். மனைவி என் துண்டைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்து ஜீப்புக்குப் பின்னால் குந்தவைத்தாள்.

“ஒங்களுக்கும் ஒரு புட்டி வாங்கணும் போல.”

மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினோம். அழுகை வரவில்லை. கொஞ்சம் கழித்து உள்ளேயிருந்து, “ஏலே! குடு!” என்று ஓர் அதட்டல். எங்கள் பிள்ளையின் குரல்தான். யாரோ பொம்மையைப் பிடுங்கியிருக்க வேண்டும். இரண்டு வார்த்தையும் என்னிடம் கற்றது.

மதியம் டீச்சரம்மா போன் செய்து இடம் உறுதி என்றார். சாயங்காலம் அந்தம்மா காலுறையில் இரண்டு அட்டையோடு காட்டிலிருந்து ஓடி வந்தார். “என் மகள்... மன்னிக்கவும், தங்கள் மகள் அழுதாளா?”

மனைவி என்னைப் பார்த்தாள். நான் அட்டையில் வைக்க உப்பு எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

“அவ அழுகல தாயி. அவுக அப்பாதேன்.”