பத்து நிமிடம் கேட்டவர்

வைத்திக்குப்பத்திலிருந்து என் அண்ணனைக் கெஞ்சிக் கூத்தாடி உப்பளம் பகுதியில் உள்ள குடிநோய் ஆலோசனை மையத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். ஆலோசகர் ஐம்பது வயதுப் பெண்மணி. நரைத்த கிராப், கைத்தறிப் புடவை, காலில் கேன்வாஸ் ஷூ. எங்கள் முறை வந்த நேரத்தில் அவர் அறையைப் பூட்டிவிட்டு வாசலில் நடக்கத் தொடங்கினார். ஒவ்வொருவரையும் பார்த்து முடித்ததும் அப்படித்தானாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அண்ணனுக்குக் கை நடுங்குது மேடம், எழுந்து ஓடிடுவான். நீங்க வாக்கிங் போறீங்க!"

"இப்பத்தான் ஒரு அம்மா, குடியால புள்ளையப் பறிகொடுத்தவங்க, அழுதுட்டுப் போனாங்க தம்பி. அந்த அழுகையோட உக்காந்தா உங்க அண்ணன் பேசறது என் காதுல விழாது. பத்து நிமிஷம் குடுங்க."

சொன்னபடி வந்தார். ஏன் குடிக்கிறீர்கள் என்று அண்ணனிடம் கேட்கவில்லை.

"நேத்து எது வரைக்கும் குடிக்காம இருந்தீங்க?"

"காலைல பதினோரு மணி வரைக்கும். கிழிஞ்ச வலையத் தெச்சிட்டிருந்தேன்."

"அது எப்படி முடிஞ்சுது உங்களால?"

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்தான். மறுவாரம் நான் கூப்பிடாமலே கிளம்பி நின்றான். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அந்தக் கேள்வி எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றும் யோசிக்கிறேன்.