மஞ்சள் தண்ணீரும் பாவில் பிடித்த பூசணமும்

சுருட்டி வைத்த பாவை விரித்ததும் குப்பென்று கிளம்பிய அந்தப் புளித்த நெடி இருபது வருடம் கழித்தும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. சேலை நெய்வதற்காக நூலை நீளமாக இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தோய்த்து, வெயிலில் காயவைத்து எடுப்பதுதான் பாவு. ஆட்டையாம்பட்டியில் எங்கள் தறிக்கூடத்தில் அன்றைக்கு விரித்த பாவு முழுக்கக் கறுப்பும் பச்சையுமாகப் 'பூசணம்' பூத்துக் கிடந்தது. அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கஞ்சி வேலையைத் தன் பொறுப்பில் வைத்திருந்த பெரியம்மா, அதாவது அப்பாவின் அண்ணன் மனைவி, நேராக என்னைத்தான் பார்த்தார்.

காரணம் இருந்தது. பத்து நாள் முன்பு, மாதவிலக்கான நாளில், தறிக்கூடத்தைக் கடக்கும்போது என் கை அந்தப் பாவின்மேல் பட்டுவிட்டது. அலறியடித்துக்கொண்டு வந்த பெரியம்மா, 'தீட்டு' கழிய ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை அதன்மேல் தெளித்துச் சுருட்டி வைத்தார். அப்படியும் பூசணம் பிடித்துவிட்டது என்றால் குற்றவாளி வேறு யார்?

"இனிமேல் அந்த நாலு நாளும் பின்னால விறகுக் கொட்டாயிலயே இருந்துக்கோ சாமி. ஊட்டுக்குள்ள கால் வெக்கப்படாது" என்று தீர்ப்பாகிவிட்டது. வாசலுக்குப் போகத் தறிக்கூடத்தைத் தாண்டியாக வேண்டும், ஆகவே பள்ளிக்கூடமும் கிடையாது. எட்டாம் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்த எனக்கு, மாதம் நான்கு நாள் விறகுக் குச்சிகளை எண்ணிக்கொண்டிரு என்றால் எப்படி இருக்கும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று நான்தான் வம்புக்குப் போனேன். கஞ்சி தோய்த்து மொறமொறவென்று காயவைத்த நான்கு நூல் கற்றைகள், நான்கு ஊறுகாய் பாட்டில்கள். இரண்டு கற்றைகளைப் பெரியம்மா மட்டும் தொடுவது, சிவப்பு நூல் கட்டிய மற்ற இரண்டையும் அடுத்த விலக்கு நாளில் நான் ஆசை தீரக் கசக்கிக் கொடுப்பது என்று ஏற்பாடு. பெரியம்மாவும் ஒத்துக்கொண்டார். கொட்டாய் வாசலில் நான் வைத்த கற்றைகளைக் கையில் எடுப்பதற்கு முன் வழக்கப்படி மஞ்சள் தண்ணீர் தெளித்தார், பாட்டிலில் போட்டு மூடிப் பரண்மேல் ஏற்றினார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், மண்டையில் உறைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்துத் திறந்தால் பெரியம்மாவின் கற்றைகள் பளிச்சென்று இருக்கின்றன, என்னுடையவை இரண்டிலும் கறுப்பாகப் பூசணம்! "பாத்தியா சாமி, நாஞ்சொன்னா கேக்கோணும்" என்றார் பெரியம்மா. நாலு நாள் பள்ளிக்கூடமும் போச்சு, மானமும் போச்சு. அழுது தீர்த்தேன். உண்மையிலேயே என் கையில்தான் ஏதோ இருக்கிறதோ என்று உள்ளங்கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும் என்று அறிவியல் புத்தகத்தில் எழுதியிருந்ததைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருந்தேனே ஒழிய, அதற்கு அர்த்தம் புரிந்தது அதற்கடுத்த நாள் முகம் கழுவும்போதுதான். என் கற்றைகளுக்கு இரண்டு விஷயம் நடந்திருக்கிறது, என் கையும் பட்டது, தண்ணீரும் பட்டது. அடச்சே!

அடுத்த மாதம் மறுபடி நான்கு கற்றைகள். இந்தத் தடவை என்னுடையதில் ஒன்றுக்கும் பெரியம்மாவுடையதில் ஒன்றுக்கும் மட்டும் மஞ்சள் தண்ணீர். என்னுடையவற்றை நானே பாட்டிலில் போட்டு இறுக மூடினேன். "தெளிக்காம நா எப்படி அதைத் தொடுவேன்?" என்று பெரியம்மா முகத்தைச் சுளித்தார். "மூடிக்கு மேல ஒரு குடம் வேணும்னாலும் ஊத்துங்க பெரிம்மா, உள்ள மட்டும் போகப்படாது" என்றேன். ஊற்றினார், துடைத்தார், பரணில் ஏற்றினார். அந்த ஒரு வாரமும் போகும்போதும் வரும்போதும் பரணையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டாம் நாள் அப்பா முன்னிலையில் நான்கையும் திறந்தோம். தண்ணீர் பட்ட இரண்டிலும் பூசணம், அதில் ஒன்று, வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டுப் பெரியம்மா தன் கையாலேயே எடுத்து வைத்தது! தண்ணீர் படாத இரண்டும் சுத்தம், அதில் ஒன்று நான் கசக்கியது! நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுத் தறியே நின்றுபோனது. பூசணத்துக்கு ஈரம் தெரியும், கஞ்சி தெரியும். யாருடைய கை என்று தெரியாது.

பெரியம்மா நான்கையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அப்பாவிடம், "பாவைக் கெடுத்தது நாந்தானுங்க. காஞ்ச பாவு மேல தண்ணியத் தெளிச்சுச் சுருட்டிப்போட்டேன்" என்றார். வேறு யாராவது என்றால் நழுவியிருப்பார்கள், அவர் நழுவவில்லை. என் பக்கம் திரும்பி, "இனி அந்த நாலு நாளும் கொட்டாய்க்குப் போக வேண்டாம். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகலியா? கெளம்பு சாமி" என்றார். தறிக்கூடத்தின் நடுவாகவே நடந்து போனேன், வேண்டுமென்றே மெதுவாக.

அந்த விறகுக் கொட்டாய் இப்போது இல்லை. அந்த இடத்தில் அண்ணனுடைய வண்டி நிற்கிறது, எனக்குத் துளி வருத்தமும் கிடையாது. போன மாதம் ஊருக்குப் போனபோது, எட்டாம் வகுப்புப் படிக்கிற அண்ணன் மகள் வயிற்றுவலியோடு கூடத்தில் பெரியம்மாவின் மடியில் படுத்திருந்தாள். விலக்கான முதல் நாளாம். பெரியம்மா அவள் வயிற்றை நீவிவிட்டபடியே, "வாரப்பவே சாப்டாமத்தான் வருவியா?" என்று என்னைத் திட்டினார். அப்புறம் எழுந்துபோய், அதே கையால் எங்கள் இரண்டு பேருக்கும் சோறு பிசைந்து கொடுத்தார்.