பரளச்சிக் கரிசலில் பருத்தி வேர் பார்க்கப் போன கதை

கரிசல் காட்டில் மண்ணையும் வேரையும் பற்றி ஆய்வு செய்யப் போகிறோம், அருப்புக்கோட்டைப் பக்கம் எப்படிப் போவது என்று இரண்டு மாணவர்கள் இந்த வலைப்பூவில் கேட்டிருந்தார்கள். வழி சொல்கிறேன். ஆனால் நான் அங்கே போய் வந்த கதையையும் சேர்த்துத்தான் சொல்வேன். ஐம்பது வருஷம் ஆகியும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கோபத்தில் பாதி என் மேலேயேதான்.

எழுபத்து மூன்றாம் வருஷம், தை மாதம். ஒரு வேளாண்மைக் கல்லூரியின் மண்ணியல் துறையில் நான் தற்காலிக உதவியாளன், வயது இருபத்து மூன்று. மழை நின்ற பிறகு மானாவாரிப் பருத்தியின் வேர் எவ்வளவு ஆழம் போய்த் தண்ணீர் எடுக்கிறது என்பதுதான் ஆய்வு. நல்ல ஆய்வு, அதில் குறை சொல்ல மாட்டேன். பரளச்சிக்குப் பக்கத்தில் சீனியம்மாள் என்பவருக்கு இருந்ததே ஒரு ஏக்கர். அதில் அரை ஏக்கரை எடுத்திருந்தோம். எடுத்திருந்தோம் என்றால், ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் "கவர்மெண்டு ஆளுக கேக்குறாக, குடுத்துரு" என்றார். அந்த அம்மா கொடுத்துவிட்டார். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

மதுரையில் காலை 5.40க்கு பஸ். அருப்புக்கோட்டை சுமார் ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் ஒரு ரூபாய் எழுபது காசு. 7.15க்கு இறங்கினேன். பஸ் ஸ்டாண்டில் பதினைந்து காசுக்கு டீ, சும்மா சொல்லக்கூடாது, நல்ல டீ. எட்டு மணிக்குப் பரளச்சி பஸ், எண்பது காசு. என் கையில் சாக்குப் பை நிறைய, நம்பர் போட்ட இருபத்து நான்கு அலுமினிய டப்பாக்கள். மண்ணை அதில் அடைத்து, எடை போட்டு, காயவைத்து, மறுபடி எடை போட்டு ஈரத்தைக் கணக்கிடுவோம்.

"டப்பாவுல என்ன சார், ஏவாரமா?" என்றார் கண்டக்டர்.

"காலி டப்பாதான். உங்க ஊர் மண்ணை எடுக்க வந்திருக்கேன்."

"மண்ணா! எங்க ஊருல வேற என்னத்த இருக்கு, நல்லா அள்ளிட்டுப் போங்க. லக்கேஜு கேக்க மாட்டேன்." பஸ்ஸே சிரித்தது.

9.10க்குப் பரளச்சி. அங்கிருந்து வண்டிப் பாதையில் மூன்று கிலோமீட்டர் நடை. நடக்கிறவர்கள் தண்ணீர் கொண்டுபோக வேண்டும், வழியில் ஒதுங்கக் கருவேல மரம் தவிர எதுவும் கிடையாது.

இங்கே கொஞ்சம் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரிசல், மழை நின்றதும் சுருங்கி வெடிக்கும். கை நுழைகிற அளவுக்கு வாய் பிளக்கும். அந்த வெடிப்பு வழியாக அடி ஈரமெல்லாம் காற்றில் போய்விடும், குறுக்கே ஓடுகிற வேரும் அறுந்துவிடும். அதனால் அந்தப் பக்கத்துச் சனம் மேல்மண்ணைக் களைக்கொத்தால் இரண்டு அங்குலம் கொத்திவிடும். புழுதி வெடிப்புக்குள் இறங்கி அடைத்துக்கொள்ளும். கீழே ஈரம் நிற்கும், செடி பிழைக்கும். அங்கே பிறந்த யாருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

எங்கள் துறைத் தலைவர் ஆற்றுப் பாசன ஊர்க்காரர். மெத்தப் படித்தவர். கார்த்திகையிலேயே எங்கள் அரை ஏக்கரைச் சுற்றிக் கயிறு கட்டச் சொல்லி, "கயிற்றுக்குள் களைக்கொத்து படக்கூடாது, வேர் இயற்கையாக இருக்க வேண்டும்" என்று உத்தரவு போட்டுவிட்டார். இயற்கையாம்! மார்கழியில் நான் போனபோதே, கொத்த விடும்படி சீனியம்மாள் கெஞ்சினார். நானும் மாதக் குறிப்பில் எழுதினேன். பதில் வரவில்லை, அதற்கு மேல் வாய் திறக்க எனக்கும் தைரியம் வரவில்லை.

தையில் நான் போய்ச் சேர்ந்தபோது கயிற்றுக்கு வெளியே செடி பச்சையாக நின்றது. உள்ளே இலை தொங்கி, பாதிச் செடி சருகாகியிருந்தது. சீனியம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். வரப்பில் களைக்கொத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தம்பி. பெரிய சாரு வாராகளா?"

"ஜீப்பில் வர்றார்க்கா."

"வரட்டும். இன்னைக்கு அவுக கண்ணால பாக்கட்டும். இன்னும் பத்து நாளு போனா இருக்குற காயும் வெம்பிப் போகும். அரை ஏக்கருன்னா எனக்கு அரை வருசக் கஞ்சி தம்பி."

துறைத் தலைவரையும் குழி வெட்டும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு ஜீப் 11.20க்கு வந்தது. கயிற்றுக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடி வருகிற மாதிரி, நான்கு அடி ஆழத்துக்குக் குழி வெட்டினார்கள். கடப்பாறை போட்டு மூன்று மணி நேரம் ஆயிற்று. பிறகு கம்பி ஊசியால் மண்ணை நெருடி நெருடி வேரை வெளியே எடுத்தோம். அதைப் பார்த்த பிறகு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சீனியம்மாள் கொத்திய பக்கத்தில் வேர் வெள்ளையாக மூன்றடிக்கும் கீழே இறங்கியிருந்தது. அங்கே மண்ணைப் பிடித்தால் உருண்டை பிடிக்க வந்தது. எங்கள் பக்கத்தில் மண் பாளம் பாளமாகப் பிளந்து, வெடிப்பு ஓடிய இடத்தில் எல்லாம் வேர் அறுந்து முனை காய்ந்து தொங்கியது.

துறைத் தலைவர் துள்ளினார். "அபாரம்! இவ்வளவு தெளிவான சான்று எனக்குக் கிடைத்ததே இல்லை!" அளவுகோலை நிறுத்திப் படம் எடுக்கச் சொன்னார். குழி விளிம்பில் சீனியம்மாள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த அம்மாவைத் தள்ளி நிற்கச் சொல்லு, நிழல் விழுகிறது" என்றார் என்னிடம். அடப்பாவி மனுஷா, உன் சான்று அவருடைய கஞ்சி ஐயா!

சீனியம்மாள் தள்ளி நிற்கவில்லை. "பெரிய சாரு, பாத்துட்டீகல்ல? இப்பக் கொத்திவிட்டாக்கூட பாதிக் காயி தேறும். கொத்திக்கிறட்டா?"

"மாசிக் கடைசியில் இன்னொரு அளவு பாக்கியிருக்கிறதம்மா. அதுவரைக்கும் தொடக்கூடாது."

"அளவு பாத்தாச்சே சாரு. இன்னும் எதுக்கு அளவு? செத்தத எத்தன தடவ அளப்பீக?"

துறைத் தலைவர் குறிப்பேட்டைப் பிரித்துக்கொண்டார். சீனியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கயிற்றைத் தாண்டி உள்ளே போய்க் கொத்த ஆரம்பித்துவிட்டார்.

"போய் நிறுத்து" என்றார் துறைத் தலைவர் என்னைப் பார்த்து.

எனக்குத் தற்காலிக வேலை. வீட்டில் நான் ஒருவன்தான் சம்பாதிக்கிறவன். இதெல்லாம் சப்பைக்கட்டு, எனக்குத் தெரியும். போனேன். களைக்கொத்தின் காம்பைப் பிடித்தேன்.

சீனியம்மாள் இழுக்கவில்லை. "தம்பி, இது தப்புன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சேதான் பிடிக்கிறீக." களைக்கொத்தை என் கையிலேயே விட்டுவிட்டு நடந்து போய்விட்டார்.

ஜீப்பில் இடம் இருந்தது, ஏறப் பிடிக்கவில்லை. பரளச்சிக்கு நடந்துவந்து 5.15 பஸ்ஸைப் பிடித்தேன். மாசிக் கடைசியில் அந்தக் கடைசி அளவை எடுக்கவும் என்னையே அனுப்பினார்கள். கயிற்றுக்குள் பறிக்க ஒரு காய்கூட இல்லை.

இப்போது போகிறவர்களுக்கு: பஸ் வசதி எவ்வளவோ தேவலை. அருப்புக்கோட்டையில் தங்கிக்கொண்டு தினமும் போய் வரலாம். ஐப்பசி கார்த்திகையில் போகாதீர்கள், கரிசல் செருப்போடு காலைப் பிடித்துக்கொள்ளும். வேர் பார்க்கத் தைதான் சரி. வெயில் ஏறும் முன்பே குழி வெட்ட ஆரம்பித்துவிடுங்கள். நிலத்துக்காரர் கொத்துகிற நாளில் கொத்தட்டும். அதையும் சேர்த்து அளக்கத் தெரியாவிட்டால் அது என்ன ஆராய்ச்சி?

இன்னொன்று. எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் நிலத்துக்காரரிடம் போய் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை. இரண்டு வருஷம் கழித்துத் துறையிலிருந்து ஒரு துண்டறிக்கை போட்டார்கள். ஊர் ஊராகக் கொடுக்க அனுப்பப்பட்டவர்களில் நானும் ஒருவன். பரளச்சியில் தாளை வாங்கிய சீனியம்மாள், "எனக்கு எழுத்து தெரியாது, வாசிங்க தம்பி" என்றார்.

வாசித்தேன். கரிசலில் வெடிப்பு விழும் முன் மேல்மண்ணை இரண்டு அங்குலம் கொத்திவிட்டால் ஈரமும் வேரும் காக்கப்படும் என்று எங்கள் துறை ஆய்ந்து கண்டறிந்திருக்கிறது, விவசாயிகள் இந்தப் புதிய முறையைக் கடைப்பிடிக்க வேண்டும்.

அவர் கோபப்படவில்லை. கடைசி வரை கேட்டார்.

"சரி தம்பி. என் அரை ஏக்கரு இதுல எந்த வரியில இருக்கு?"

தாளைத் திருப்பினேன். பின்பக்கம் வெறும் வெள்ளைதான். மறுபடி திருப்பினேன். அவர் காத்துக்கொண்டிருந்தார்.